மூச்சுக்கு எத்தனை மதிப்பெண்?

நுரையீரலுக்கு வலி தெரியாது. விரலில் முள் குத்தினால் உடம்பே துள்ளுகிறது. நெஞ்சுக்கூட்டின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும் இந்த உறுப்பின் உட்பகுதியிலோ வலியைச் சொல்லும் நரம்புகள் இல்லையென்றே சொல்லிவிடலாம். வலி தெரிவது நெஞ்சுக்கூட்டின் உட்சுவரை ஒட்டியிருக்கும் உறையில்தான். ஆகவே நுரையீரலுக்குள் ஒரு கட்டி வளரத் தொடங்கினால், அது அந்த உறையையோ பெரிய மூச்சுக்குழாயையோ எட்டும்வரை, அல்லது வேறெங்காவது பரவி அங்கே தொந்தரவு கொடுக்கும்வரை, ஆள் வழக்கம்போல நடமாடிக்கொண்டிருப்பார். கொஞ்சம் இருமல் இருக்கும். சளி என்று சில வாரம் போகும், டிபியாக இருக்குமோ என்று சில மாதம் போகும். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாம் முடிந்து, ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்து, புற்றுநோய் என்று எழுதிக் கொடுக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அது நுரையீரலைத் தாண்டிவிட்டிருக்கும்.

2022இல் உலகம் முழுவதும் ஏறக்குறைய 25 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 18 லட்சம். புற்றுநோய்களில் மிக அதிகம் பேருக்கு வருவதும் மிக அதிகம் பேரைக் கொல்வதும் இதுதான். இந்த நோயோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பத்தின் மனதில் இரண்டு கேள்விகள் ஓடும். இன்னும் எவ்வளவு காலம்? அந்தக் காலம் எப்படி இருக்கும்? முதல் கேள்விக்கு விடை தேடுவதுதான் ஆராய்ச்சி என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். இரண்டாவது, நர்ஸும் வீட்டு மனிதர்களும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று விட்டுவிட்டார்கள். பிறகு அந்த இரண்டாவது கேள்வியை ஒழுங்காக அளந்து பார்க்கத் தொடங்கியபோது, முதல் கேள்வியின் விடையே நகர ஆரம்பித்தது. புற்றுநோய் அறிவியலில் இதைவிட விசித்திரமான திருப்பம் ஒன்றை நான் படித்ததில்லை.

அளவுகோலின் கதை 1948இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. மெமோரியல் மருத்துவமனையில் டேவிட் கார்னோஃப்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், அறுவை சிகிச்சை செய்ய முடியாத நிலையிலிருந்த 35 நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதை மருந்து என்பதற்கே சற்றுத் துணிச்சல் வேண்டும். முதல் உலகப் போரில் வீரர்களின் உடம்பைக் கொப்புளமாக்கிய மஸ்டர்ட் வாயுவின் நெருங்கிய உறவு அது. இரண்டாம் உலகப் போரின்போது அதை ரகசியமாக ஆராய்ந்தவர்கள், அது வெள்ளையணுக்களை அழிப்பதைக் கவனித்து, புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று துணிந்தார்கள். இன்றைய கீமோதெரபியின் பிறப்பு அதுதான்.

மருந்து கொடுத்ததும் சிலருக்குக் கட்டி சுருங்கியது. மூச்சுத் திணறல் தணிந்தது. கூடவே வாந்தியும் வந்தது. கொஞ்ச காலத்தில் கட்டி மறுபடி வளர்ந்தது. இப்போது கார்னோஃப்ஸ்கிக்கு ஒரு சிக்கல். இதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? எக்ஸ்ரேயில் நிழல் சின்னதாகியிருக்கிறது, ஆனால் ஆள் படுக்கையை விட்டு எழவில்லை என்றால் அது என்ன வெற்றி? நிழல் அப்படியே இருக்கிறது, ஆனால் ஆள் எழுந்து தானே குளித்துச் சாப்பிடுகிறார் என்றால் அது என்ன தோல்வி? ஆகவே கட்டியின் அளவோடு மூன்று விஷயங்களையும் சேர்த்துக் குறித்துக்கொண்டார்கள்: நோயாளிக்கே தேறியதுபோல் இருக்கிறதா, அந்தத் தேறுதல் எத்தனை நாள் நின்றது, அவரால் என்னென்ன செய்துகொள்ள முடிகிறது. கடைசியானதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். 100 என்றால் எந்தக் குறையும் இல்லை. 70 என்றால் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறார், வேலைக்குப் போக முடியாது. 50 என்றால் பெருமளவு உதவி தேவை. 10 என்றால் மரணத் தறுவாய். பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்.

முக்கால் நூற்றாண்டு கழிந்தும் உலகெங்கும் புற்றுநோய் மருத்துவர்கள் இந்தப் பட்டியலையோ இதன் சுருங்கிய வடிவத்தையோ பயன்படுத்துகிறார்கள். கீமோ கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, நோயாளி அறைக்குள் நடந்து வந்தாரா, சக்கர நாற்காலியில் வந்தாரா என்று மருத்துவர் பார்க்கும் அந்தப் பார்வைக்குள் கார்னோஃப்ஸ்கி இருக்கிறார். அவரே 1969இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

பட்டியலில் ஒரு குறை உண்டு. மதிப்பெண் போடுவது மருத்துவர். நடக்கிறாரா, குளிக்கிறாரா என்பதை வெளியிலிருந்து பார்த்துவிடலாம். ராத்திரி மூன்று மணிக்கு மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தவருக்கு என்ன இருந்தது என்பதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பேனா நோயாளியின் கைக்கு வர இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான ஐரோப்பிய அமைப்பு முப்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைத் தயாரித்து, அது உண்மையிலேயே எதையாவது அளக்கிறதா என்று சோதித்து, 1993இல் வெளியிட்டது. யாரை வைத்துச் சோதித்தார்கள் தெரியுமா? 13 நாடுகளைச் சேர்ந்த 305 நுரையீரல் புற்றுநோயாளிகளை வைத்து. நீண்ட தூரம் நடக்கச் சிரமமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா, கவலையாக இருக்கிறதா, வீட்டு வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறதா, பண நெருக்கடி வந்திருக்கிறதா என்று கேட்கும் படிவம் அது. 1995இல் அமெரிக்காவிலிருந்து நுரையீரல் புற்றுநோய்க்கென்றே இன்னொரு படிவம் வந்தது; அதன் சுருக்கப் பெயர் ஃபேக்ட்-எல். அதில் 0 முதல் 136 வரை மதிப்பெண். உடம்பு, மனசு, குடும்பம், அன்றாட வேலை, மூச்சு, இருமல், பசி எல்லாவற்றுக்கும் நோயாளியே மதிப்பெண் போட வேண்டும். அதிக எண் என்றால் நல்ல நிலை.

இந்தப் படிவத்தில், புகை பிடித்ததற்காக வருந்துகிறீர்களா என்றும் ஒரு கேள்வி உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது. இந்த நோய் வந்தவரிடம் ஊரே முதலில் கேட்கும் கேள்வி அது. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது, ஆசியாவில் அது இன்னும் கூடுதல் என்று தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை.

அப்படிப் புகை பிடிக்காதவர்களை மையமாக வைத்து ஆசியாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2009இல் வந்தது. 1,217 பேர். ஒரு பிரிவுக்கு ட்ரிப்ஸில் ஏற்றும் வழக்கமான கீமோ. மற்றதற்குக் கெஃபிடினிப் என்ற மாத்திரை. இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ள கட்டிகளை மாத்திரை அதிக நாள் கட்டுக்குள் வைத்தது. அந்த மாற்றம் இல்லாதவர்களுக்குக் கீமோவே மேல். ஆனால் மொத்த ஆயுளைப் பார்த்தால் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு மருந்து தோற்றால் மற்றதற்கு மாறிக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். பிறகு மாத்திரை எதில் வென்றது? கட்டியைக் கூடுதல் நாள் நிறுத்தி வைத்ததில் ஒன்று. ஃபேக்ட்-எல் படிவத்தில் இன்னொன்று. மரபணு மாற்றம் இருந்தவர்கள் மாத்திரையோடு வாழ்ந்த நாட்கள் நல்ல நாட்களாக இருந்தன என்று அந்தப் படிவம் சொன்னது. நோயாளி பேனாவால் போட்ட எண் ஒரு மருந்துக்குச் சாட்சி சொன்னது.

இனி பாஸ்டனுக்குப் போவோம். கதையின் நடுப்பகுதி அங்கேதான்.

மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஜெனிஃபர் டெமல் என்ற மருத்துவரின் குழு 2006 முதல் 2009 வரை 151 நோயாளிகளைச் சேர்த்தது. எல்லோருக்கும் பரவிய நிலை நுரையீரல் புற்றுநோய். நோய் கண்டறிந்து எட்டு வாரத்துக்குள் இருந்தவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் புற்றுநோய் சிகிச்சை ஒரே மாதிரி. ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: தொடக்கத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சைக் குழுவைச் சந்திப்பது. பாலியேட்டிவ் கேர் என்று ஆஸ்பத்திரிகளில் சொல்கிறார்களே, அது.

அதுவரை அந்தக் குழுவை எப்போது கூப்பிடுவார்கள்? ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று கைவிரித்த பிறகு. அந்த மருத்துவர் வார்டுக்குள் நுழைந்தாலே உறவினர்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். டெமல் அதைத் தலைகீழாக்கினார். முதல் கீமோவுக்குப் பக்கத்திலேயே அவர்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அவர்கள் செய்ததில் எந்த மந்திரமும் இல்லை. பன்னிரண்டு வாரத்தில் சராசரியாக நான்கு சந்திப்பு. எங்கே வலிக்கிறது, எப்போது மூச்சு வாங்குகிறது, என்ன சாப்பிட முடிகிறது, இந்த நோயைப் பற்றி என்ன புரிந்துகொண்டிருக்கிறீர்கள், எதை நினைத்துப் பயம், வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். கேட்டதற்கு ஏற்ப மருந்தை மாற்றினார்கள். பின்னாளில் அந்தச் சந்திப்புகளின் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தபோது, முதல் சில சந்திப்புகள் பெரும்பாலும் பழக்கம் ஏற்படுத்திக்கொள்வதிலும், உபாதைகளைக் கவனிப்பதிலும், நோயைப் பற்றிய புரிதலை விசாரிப்பதிலும் கழிந்திருந்தன. புற்றுநோய் மருத்துவரின் குறிப்புகளில் மருந்தும் அதன் பக்கவிளைவும்தான் நிறைந்திருந்தன. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு இருக்கும் பத்து நிமிடத்தில் அதுதான் முடியும்.

பன்னிரண்டாவது வாரம் ஃபேக்ட்-எல் படிவத்தை நிரப்பும் நிலையில் இருந்தவர்கள் 107 பேர். ஆதரவு சிகிச்சை பெற்றவர்களின் சராசரி மதிப்பெண் 98.0, மற்றவர்களுடையது 91.5. நோய் முற்ற முற்ற இந்த எண் இறங்குவதே இயல்பு என்பதை நினைவில் வைத்தால், இந்த ஆறரை மதிப்பெண்ணின் கனம் தெரியும். மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கு இருந்தன. ஆதரவு சிகிச்சை பெற்றவர்களில் 16 சதவீதம் பேருக்கு. மனச்சோர்வுக்கான மாத்திரை இரு பிரிவிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் கொடுக்கப்பட்டிருந்தது! அப்படியானால் பாதிக்கும் மேல் குறைந்தது எதனால்? உட்கார்ந்து கேட்டதனால் என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைப்பது கஷ்டம்.

இவ்வளவுதான் எதிர்பார்த்தார்கள். எதிர்பாராதது ஆயுள் கணக்கில் இருந்தது. ஆதரவு சிகிச்சை பெற்ற பிரிவில் கடைசி நேரக் கீமோ போன்ற கடும் சிகிச்சைகளை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு: 33 சதவீதம், மற்ற பிரிவில் 54. குறைவாகச் சிகிச்சை எடுத்தவர்கள் சீக்கிரம் போயிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. அவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுடையது 8.9. கிட்டத்தட்ட மூன்று மாதம் கூடுதல். அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு மூன்று மாதம் கூட்டித் தரும் ஒரு புதிய மருந்து வந்திருந்தால் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் கொண்டாடியிருக்கும். 2010 ஆகஸ்டில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்தக் கட்டுரை வந்தபோது உலகமும் இந்த மூன்று மாதத்தையே பிடித்துக்கொண்டது. நான் அதற்கு அவ்வளவு அழுத்தம் கொடுக்க மாட்டேன். ஒரே மருத்துவமனை, 151 பேர், ஆயுள் இந்த ஆய்வின் முதன்மைக் கேள்வியும் இல்லை. பிறகு வந்த ஆய்வுகளில் ஆயுள் கூடியது எல்லா இடத்திலும் திரும்பத் தென்படவில்லை. வாழ்நாள் தரம் மேம்படுவதோ பலமுறை தென்பட்டது. உறுதியாக நிற்பது அந்த 98க்கும் 91.5க்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான். ஆயுளைக் குறைக்காமலே இதைச் சாதிக்கலாம் என்பதே போதுமான செய்தி.

அந்த நோயாளிகளிடமிருந்து வந்த இன்னொரு தகவல் மனதைத் தைக்கிறது. ஆய்வில் சேரும்போது, பரவிவிட்ட தங்கள் நோய் குணமாகக்கூடியது என்று நினைத்திருந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அமெரிக்கா முழுவதும் எடுத்து 2012இல் வெளியான இன்னொரு கணக்கில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டவர்களில் 69 சதவீதம் பேர், அந்தக் கீமோ நோயைக் குணப்படுத்த வாய்ப்பில்லை என்பதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நோயாளியிடம் நேருக்கு நேர் சொல்லிவிடும் ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஊரின் கணக்கு இது.

டெமலின் குழு அத்தோடு நிற்கவில்லை. இத்தனை சந்திப்புக்கு மருத்துவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்ற கேள்விக்கு 2024இல் இரண்டு விடைகள் வந்தன. 22 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளை வைத்து, நேரில் பார்ப்பதற்குப் பதில் வீடியோ அழைப்பில் பேசினாலும் வாழ்நாள் தரம் அதே அளவில் இருக்கிறது என்று காட்டினார்கள். 507 பேரை வைத்த இன்னொரு ஆய்வில், மாதாமாதம் பார்க்காமல், சிகிச்சை மாறும்போதும் மதிப்பெண் இறங்கும்போதும் பார்த்தார்கள். பாதிச் சந்திப்பிலேயே அதே பலன் கிடைத்தது. எப்போது கூப்பிட வேண்டும் என்பதை நோயாளி நிரப்பும் படிவமே சொல்லிவிடுகிறது.

மதிப்பெண் இறங்க ஒரு முக்கியக் காரணம் மூச்சு. மூச்சுத் திணறலைப் பற்றி அறிவியல் கண்டறிந்திருப்பது, நாம் சாதாரணமாக நம்புவதற்கு நேர்மாறானது. மூச்சு வாங்குகிறது என்றால் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். சிலிண்டரைத் தேடி ஓடுகிறோம். விரலில் கருவியை மாட்டிப் பார்த்தால் பலருக்கு 96, 97 என்று காட்டும். ரத்தத்தில் வேண்டிய ஆக்சிஜன் இருக்கிறது. ஆனாலும் ஆள் மூச்சுக்குத் தவிக்கிறார். நடிப்பு இல்லை அது. மூச்சுத் திணறல் பிறக்கும் இடம் மூளை. ‘இவ்வளவு காற்றை இழு’ என்று மூளைத்தண்டு தசைகளுக்கு உத்தரவு போடும்போதே, அந்த உத்தரவின் நகல் ஒன்று மூளையின் மேல்பகுதிக்கும் போகிறது. நெஞ்சும் நுரையீரலும் எவ்வளவு விரிந்தன என்ற தகவல் கீழிருந்து திரும்பி வருகிறது. போட்ட உத்தரவும் வந்த தகவலும் பொருந்தாவிட்டால், அந்த முரண்தான் நமக்குத் திணறலாகத் தெரிகிறது. கடையில் கொடுத்த பணத்துக்குச் சாமான் குறைந்து வந்தால் எரிச்சல் வருவதுபோல, உழைத்த உழைப்புக்குக் காற்று வரவில்லை என்று மூளை முறையிடுகிறது. கட்டி அடைத்தாலும், நெஞ்சில் நீர் கோத்தாலும், தசை இளைத்தாலும் கணக்கு இடறும். பயம் சேர்ந்துவிட்டால் மூச்சு மேலோட்டமாகி வேகமெடுக்கும். அது கணக்கை இன்னும் கெடுக்கும். அதனால் பயம் கூடும்.

ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன் நாடுகளில் ஏமி அபர்நெத்தியின் குழு ஒரு துணிச்சலான சோதனை செய்தது. நாள்பட்ட திணறல் இருந்தும், வீட்டு ஆக்சிஜன் தர வேண்டிய அளவுக்கு ரத்த ஆக்சிஜன் குறையாத 239 பேர். மூக்கில் குழாய் மாட்டி, பாதிப்பேருக்கு ஆக்சிஜனும் பாதிப்பேருக்குச் சாதாரணக் காற்றும் ஒரு வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. 2010இல் வெளியான முடிவு: இரு பிரிவுக்கும் கொஞ்சம் தேறியது, இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆக்சிஜன் நிஜமாகவே குறைந்தவர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்றவர்களுக்கு, மூக்கில் ஏதோ காற்று அசைகிறது என்பதே ஆறுதலாக இருந்தது.

அந்தக் காற்றசைவை இன்னும் மலிவாகக் கொடுக்கலாம். கேம்பிரிட்ஜில் 50 பேரிடம் கையடக்க மின்விசிறியைக் கொடுத்து, ஐந்து நிமிடம் முகத்திலும் ஐந்து நிமிடம் காலிலும் வீசிக்கொள்ளச் சொன்னார்கள். காலில் வீசியதைவிட முகத்தில் வீசியபோது திணறல் தெளிவாகக் குறைந்தது. மூக்கு, கன்னம், மேலுதடு ஆகியவற்றின் தோலில் பரவியிருக்கும் முக்கிளை நரம்பு குளிர்ச்சியை உணர்ந்ததும் ‘காற்று வருகிறது’ என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. உத்தரவும் தகவலும் கொஞ்சம் நெருங்குகின்றன. மூச்சு வாங்குகிறவரைச் சுற்றிக் கூட்டம் போடாதே, முகத்துக்கு விசிறு என்று நம் வீட்டுக் கிழவிகள் பனையோலை விசிறியை எடுத்துக்கொடுத்ததற்கு இப்போது குலுக்கல் முறை ஆய்வின் ஆதாரம் உண்டு. சிறிய அளவு மார்பின் சிலருக்குத் திணறலைத் தணிக்கிறது; எல்லோருக்கும் தணிக்கிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

அடுத்தது பசி. இந்த நோய் வந்த வீட்டில் தினமும் நடக்கும் சண்டை இதுதான்: ‘ரெண்டு வாயாவது சாப்பிடுங்க.’ அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மனைவிக்குக் கண்ணீர் வரும். சாப்பிடாததனால்தான் இளைக்கிறார் என்று எல்லோரும் நம்புவார்கள். உள்ளே நடப்பது வேறு. உடலின் செல்கள் துன்பத்தில் இருக்கும்போது ஜி.டி.எஃப்-15 என்ற புரதத்தை வெளியிடுகின்றன. புற்றுநோயில் அது பலருக்கு மிக அதிகமாகச் சுரக்கிறது. அதை ஏற்றுக்கொள்ளும் வாசல் பின்மூளையில், வாந்தியைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு அருகே இருக்கிறது என்பதை 2017இல்தான் கண்டுபிடித்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வரும் மசக்கையின் பின்னாலும் இதே புரதம் இருப்பது 2023இல் தெரியவந்தது. ஆக, மூன்று மாதக் கர்ப்பிணியிடம் சோற்றைத் திணிக்க மாட்டோம். அதே சமிக்ஞையில் மாட்டிக்கொண்ட நோயாளியிடம் திணிக்கிறோம். இந்தப் புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடும் போன்செக்ரோமாப் என்ற மருந்தை, நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோயால் இளைத்த 187 பேருக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டாம் கட்ட ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. பன்னிரண்டு வாரத்தில், அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, வெற்று மருந்து பெற்றவர்களோடு ஒப்பிட்டால் 2.8 கிலோ கூடியிருந்தது. இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் சாப்பிட மறுப்பது பிடிவாதம் இல்லை என்பதைச் சொல்ல எந்த மருந்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

பேனா நோயாளியின் கையிலேயே நிலையாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? பிரான்சில் லெ மான் நகரத்து மருத்துவர் ஃபாப்ரிஸ் டெனி அதைச் சோதித்தார். முதல் சிகிச்சை முடிந்து, நோய் கட்டுக்குள் இருந்த நுரையீரல் புற்றுநோயாளிகள். ஒரு பிரிவு வழக்கம்போலச் சில மாதத்துக்கு ஒருமுறை சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்டது. இன்னொரு பிரிவினர் வாரம் ஒருமுறை வீட்டிலிருந்தே எடை, பசி, அசதி, வலி, இருமல், மூச்சு என்று பன்னிரண்டு போல உபாதைகளுக்கு இணையத்தில் மதிப்பெண் போட்டார்கள். எண் மோசமானால் மருத்துவருக்குத் தகவல் போகும். அவர் கூப்பிட்டுப் பேசுவார், தேவையானால் ஸ்கேன் எடுப்பார். 2017இல் வந்த முடிவில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் மதிப்பெண் பிரிவில் 75 சதவீதம், ஸ்கேன் பிரிவில் 49. இடைநிலை ஆயுள் 19 மாதம், 12 மாதம். ஸ்கேன்களின் எண்ணிக்கையோ மதிப்பெண் பிரிவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், சில லட்சம் யூரோ இயந்திரத்தைவிட ஒரு வலைப்பக்கம் முந்திக்கொண்டது.

ஏன் என்பதற்கு விடை கார்னோஃப்ஸ்கியிடம் இருக்கிறது. நோய் திரும்பியது தெரியவந்தபோது, மதிப்பெண் பிரிவில் நான்கில் மூன்று பங்கு பேர் எழுந்து நடமாடும் நிலையில் இருந்தார்கள். மற்ற பிரிவில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான். எழுந்து நடமாடுபவருக்குத்தான் அடுத்த சிகிச்சையை முழு அளவில் கொடுக்க முடியும். ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தவர், அந்த இரண்டு மாதத்தில் படுத்துவிடுகிறார். நியூயார்க்கில் ஈதன் பாஷ் என்ற மருத்துவர் பலவகைப் புற்றுநோய்கள் உள்ள 766 பேரிடம் நடத்திய இதேபோன்ற ஆய்விலும் ஐந்து மாதம் ஆயுள் கூடியது. நோயாளிகளின் உபாதைகளில் பாதிவரை மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை என்பது அவருடைய துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியா உலகத்துக்கு அபின் விளைவித்துக் கொடுக்கும் நாடு. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டில், அபினிலிருந்து எடுக்கும் மருத்துவ மார்பினின் பயன்பாடு ஏறக்குறைய 97 சதவீதம் சரிந்தது. 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1993இல், கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய அமைப்பு கேரளம் முழுவதும் வீடு தேடிப் போகும் ஆதரவு சிகிச்சையாக வளர்ந்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையோடு ஆதரவு சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது; தெரிந்தவர்களும் கடைசி வாரத்துக்கு என்று ஒத்திப்போடுகிறார்கள்.

நம்மிடம் இன்னொரு வழக்கம் உண்டு. நோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல மாட்டோம். ரிப்போர்ட்டை மகன் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார். டாக்டரிடம் முன்கூட்டியே போய், ‘அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்’ என்பார். அன்பினால் செய்வதுதான். அதன் விலை, மூச்சு முட்டுகிறது என்பதை அப்பாவும் மகனிடம் சொல்லாமல் மறைப்பது. நோயின் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வீடும் முடிவு செய்துகொள்ளட்டும். உபாதையைக் கேட்பதற்கு எந்தப் பெயரும் தேவையில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் வாரம் ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். வலி, மூச்சு, அசதி, பசி, தூக்கம், மனசு. ஒவ்வொன்றும் எவ்வளவு தொந்தரவு தருகிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அவரே ஓர் எண் போடட்டும். நீங்கள் போடாதீர்கள். எண் இரண்டு மூன்று ஏறினால் அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் கீமோவுக்குப் போகும் அன்றே, இங்கே பாலியேட்டிவ் கேர் பிரிவு எந்த மாடியில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.